அக்வா பாட்சா: முழு மீனைத் தக்காளிச் சாற்றில் வேகவைக்கும் இத்தாலிய முறை

தெற்கு இத்தாலியின் கம்பானியா கடற்கரைச் சமையலில் எனக்கு மிகவும் பிடித்தது அக்வா பாட்சா. ஒரு முழு மீன், கொஞ்சம் சின்னத் தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லி, உப்பு, தண்ணீர். சாமான் இவ்வளவுதான். நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சுற்றியுள்ள மீனவர் வீடுகளில் புழங்கி வந்த இந்தச் சமையல், 20ஆம் நூற்றாண்டில் காப்ரி தீவின் உணவகங்கள் வழியாக வெளியுலகுக்குப் போனது. அகலமான தட்டில் முழு மீன், அதைச் சுற்றி இளஞ்சிவப்புச் சாறு, மேலே பச்சையாகத் தூவிய இலை என்று மேசைக்கு வரும்போது, யாருக்குப் பரிமாறினாலும் மதிப்பாக இருக்கும். செய்யவோ ஒரே பாத்திரமும் ஒரு மணி நேரமும் போதும்.

மத்தியதரைக் கடலைச் சுற்றி இதைவிட ஆடம்பரமான மீன் சமையல்கள் உண்டு. பிரான்சின் மார்செய் நகரத்து புய்யாபேஸுக்குப் பல வகைப் பாறை மீன்கள் வேண்டும். அதில் எந்தெந்த மீன் இருக்க வேண்டும், எப்படிப் பரிமாற வேண்டும் என்று அந்த ஊர் உணவகக்காரர்கள் 1980இல் கூடி ஒரு சாசனமே எழுதினார்கள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்து கச்சூக்கோவில் ஆக்டோபஸ், கணவாய், பலவகை மீன் எல்லாம் சேரும். கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் பூண்டும் எலுமிச்சையும் உருளைக்கிழங்கும் சேர்த்து பியான்கோ செய்கிறார்கள். எல்லாமே அருமையானவை. ஆனால் வீட்டில் முதன்முதலாக மத்தியதரைக் கடல் மீன் சமையலில் கை வைக்கிறவருக்கு நான் சொல்வது அக்வா பாட்சாதான். ஒளித்து வைக்க இதில் மசாலா கிடையாது. மீனின் தரமும் தீயின் அளவும் நேராக நாக்குக்குத் தெரிந்துவிடும். இதைச் சரியாகச் செய்யப் பழகிவிட்டால் மற்றவை எளிதாக வசப்படும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாறு ஊறி ஒன்றுசேர நேரமும் தீயும் வேண்டும், மீனுக்கு இரண்டுமே குறைவாக வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரே நேரத்தில் முடிக்கப் பார்த்தால், ஒன்று சாறு தண்ணீராக இருக்கும், இல்லையென்றால் மீன் சக்கையாகிவிடும். ஆகவே முதலில் சாற்றை அப்படியே குடிக்கலாம் என்ற பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மீனை உள்ளே வைக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதை ஒட்டியவைதான்.

மீன் தேர்வு

கம்பானியாவில் இதற்கு ஓராட்டா எனப்படும் சீ பிரீம், ஸ்பிகோலா எனப்படும் சீ பாஸ் ஆகிய இரண்டையும்தான் அதிகம் எடுக்கிறார்கள். வட இத்தாலியில் ஸ்பிகோலாவையே பிரான்சினோ என்பார்கள். இன்று சந்தைக்கு வரும் ஓராட்டாவிலும் பிரான்சினோவிலும் பெரும்பகுதி கிரேக்கத்திலும் துருக்கியிலும் கடலில் கூண்டு கட்டி வளர்க்கப்படுபவை. வளர்ப்பு மீனில் கொழுப்பு சற்று கூடுதல், சதை மிருதுவாக இருக்கும். கடலில் பிடித்ததற்குச் சதை இறுக்கம், சுவை ஆழம். இந்தச் சமையலுக்கு இரண்டும் ஒத்துவரும். வளர்ப்பு மீன் ஒரு நிமிடம் கூடப் போனாலும் மன்னித்துவிடும், பிடித்த மீன் மன்னிக்காது.

இந்த இரண்டும்தான் வேண்டும் என்பதில்லை. சதை வெள்ளையாக, இறுக்கமாக, எண்ணெய்ப்பசை குறைவாக இருக்கும் எந்தக் கடல்மீனும் சரிவரும். கானாங்கெளுத்தி, மத்தி போன்ற எண்ணெய் நிறைந்த மீன்களை இதில் போடாதீர்கள். அவற்றின் கொழுப்பு சாற்றில் இறங்கி, தக்காளியின் இளம் புளிப்பை அமுக்கிவிடும். அவற்றுக்குத் தணலும் கிரில்லும்தான் பொருத்தம்.

முழு மீனாக வாங்குவதை நான் வற்புறுத்துவேன். தலையிலும் எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் வெந்நீரில் ஜெலட்டினாகக் கரைகிறது. சாற்றுக்கு வழுவழுப்பும் கனமும் அதிலிருந்துதான் வருகின்றன. வெளியிலிருந்து மீன் ஸ்டாக் (மீன் எலும்பை வேகவைத்து வடித்த நீர்) ஊற்றத் தேவையில்லாமல் வெறும் தண்ணீர் போதும் என்பதற்கும் அதுவே காரணம். இருவருக்கு 700 முதல் 800 கிராமில் ஒரே மீன், அல்லது ஆளுக்கு 350 முதல் 400 கிராமில் ஒவ்வொரு சிறு மீன். முழு எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் சதை தேறும், அதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

புதிய மீனின் கண் தெளிவாக, வெளியே புடைத்து இருக்கும். கண் குழிந்து பால் நிறமாகியிருந்தால் நாளாகிவிட்டது. செவுளைத் தூக்கிப் பாருங்கள்: நல்ல சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும், பழுப்பு நிறம் கூடாது. வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். இவை எல்லாவற்றையும் விட மூக்கை நம்புங்கள். புது மீனில் கடல் வாசனைதான் வரும். கவிச்சி வாடை அடிப்பது கடல்மீனின் சதையில் இயல்பாக இருக்கும் ஒரு பொருளை பாக்டீரியா சிதைத்து டிரைமெத்திலமீனாக மாற்றுவதால். எலுமிச்சை அதை ஓரளவு மறைக்குமே தவிர, போன புதுமையைத் திரும்பக் கொண்டுவராது.

சுத்தம் செய்து உப்பிடுவது

கடையிலேயே செதில் எடுத்து, குடலும் செவுளும் நீக்கித் தரச் சொல்லுங்கள். தலை இருக்கட்டும். செவுளை மட்டும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், விட்டால் சாறு கசக்கும், கலங்கும். வீட்டுக்கு வந்ததும் வால் பக்கத்திலிருந்து தலை நோக்கி விரலால் தடவி, விட்டுப்போன செதில்களைத் தேடி எடுங்கள். வயிற்றுக்கு அடியிலும் துடுப்புகளின் ஓரத்திலும்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். பக்கத் துடுப்புகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். முதுகுத் துடுப்பை மட்டும் விட்டு வையுங்கள், வெந்ததா என்று பார்க்க அது பின்னால் உதவும்.

அடுத்தது பலர் விட்டுவிடும் வேலை. வயிற்றைத் திறந்து உள்ளே பார்த்தால், நடுமுள்ளை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வும் அதற்குக் கீழே கருஞ்சிவப்பாக ஒரு கோடும் தெரியும். அங்கே இரத்தம் தேங்கியிருக்கும். சவ்வைக் கத்தி முனையால் நீளவாக்கில் கீறி, ஓடும் குளிர்ந்த நீரில் கட்டைவிரல் நகத்தாலோ பழைய பல்துலக்கியாலோ தேய்த்தால் முழுதும் போய், முள் வெள்ளையாகத் தெரியும். சாறு தெளிவாக வருவதற்கும் கவிச்சி இல்லாமல் இருப்பதற்கும் இந்த ஒரு நிமிட வேலையைப்போல உதவுவது வேறில்லை.

மீனை உள்ளும் புறமும் டிஷ்யூ பேப்பரால் ஈரம் போகத் துடையுங்கள். தலைக்குப் பின்னால் சதை தடித்த இடத்தில், பக்கத்துக்கு இரண்டு கீறல்கள் சாய்வாகப் போடுங்கள். ஆழம் 1 செ.மீ. போதும், முள் வரை போக வேண்டியதில்லை. தடித்த இடமும் வால் பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேக இது உதவும். சூட்டில் தோல் சுருங்கும்போது கண்ட இடத்தில் கிழியாமல் கீறலோடு நின்றுகொள்ளும்.

இனி உப்பு. 800 கிராம் மீனுக்கு 10 முதல் 12 கிராம், அதாவது தட்டையாக இரண்டு தேக்கரண்டி தூள் உப்பு. கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் படும்படி தடவி, 25 நிமிடம் வெளியே வையுங்கள். மேலே இருந்து தெளிக்கும் உப்பு தோலோடு நின்றுவிடும், இப்படி ஊறவிட்ட உப்புதான் சதைக்குள் இறங்கும். சதை இறுகி, வேகும்போது வெளியே கசியும் வெள்ளைப் புரதமும் குறையும். ஃபிரிட்ஜின் குளிர்ச்சி விடவும் இந்த நேரம் போதும். பாத்திரத்தில் வைப்பதற்கு முன் மேலே முத்து முத்தாகக் கோத்திருக்கும் நீரைத் துடைத்துவிடுங்கள். கழுவ வேண்டாம்.

மற்ற சாமான்கள்

சின்னத் தக்காளி 300 கிராம். கம்பானியாவில் வெசூவியஸ் எரிமலைச் சரிவில் விளையும் பியென்னோலோ என்ற தக்காளி உண்டு. அதன் தோல் தடிமனாக இருப்பதால், கொத்துக் கொத்தாக நூலில் கட்டித் தொங்கவிட்டுக் குளிர்காலம் முழுக்க வைத்திருப்பார்கள். 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட விளைபொருள் தகுதி அதற்குக் கிடைத்தது. சர்க்கரையும் புளிப்பும் ஒருசேர அடர்ந்த தக்காளி அது. கிடைக்காவிட்டால் நன்றாகப் பழுத்த செர்ரி தக்காளி எடுங்கள். டின்னில் அடைத்த செர்ரி தக்காளியும் நல்லதுதான், பழுக்காத புதுத் தக்காளியைவிட எவ்வளவோ மேல். விதையையும் அதைச் சுற்றிய கூழையும் எடுத்துவிடாதீர்கள். தக்காளியில் சுவைக்கு ஆதாரமான குளுட்டமேட், சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம்.

எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 5 மேசைக்கரண்டி. இந்தச் சமையலில் எண்ணெய் தாளிக்க மட்டும் அல்ல, சாற்றின் பாதிச் சுவை அதுதான். எல்லா எக்ஸ்ட்ரா வர்ஜினும் ஒரே மாதிரி இருக்காது. வட இத்தாலியின் லிகூரியா மாநிலத்தில் தஜ்ஜாஸ்கா வகைக் காயிலிருந்து எடுப்பது மென்மையாக, பழ மணத்தோடு இருக்கும். புலியா மாநிலத்தின் கொராத்தினா வகை தொண்டையில் காரமாக இறங்கும், கசப்பும் உண்டு. மீனுக்கு முதல் வகை உகந்தது. புட்டியில் வகையின் பெயர் இல்லாவிட்டால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பாருங்கள்: இருமல் வரும் அளவுக்கு உறைத்தால் அது இந்த மீனுக்கு வேண்டாம்.

பூண்டு 3 பல், காய்ந்த சிவப்பு மிளகாய் சின்னதாக ஒன்று, பார்ஸ்லி ஒரு கைப்பிடி, தண்ணீர் 350 மி.லி. இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 80 மி.லி. சேர்ப்பவர்கள் உண்டு. ஒயின் இல்லாமலும் முழுமையாக வரும், கடைசியில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தப் புளிப்பு கிடைத்துவிடும். பார்ஸ்லி இல்லாவிட்டால் சில பேசில் இலைகளைக் கிள்ளிப் போடலாம், கம்பானியாவில் தக்காளியோடு நன்கு பழகிய இலைதான் அது. கேப்பர் (உப்பிலிட்ட ஒரு வகைப் பூமொட்டு), கருப்பு ஆலிவ் இரண்டையும் இதில் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். முதல் தடவை வேண்டாம் என்பேன். இரண்டும் உப்பும் உறைப்புமான பொருள்கள், மீனின் இனிமை எது என்று தெரியவிடாமல் செய்துவிடும். வெறும் சாற்றின் சுவை பிடிபட்ட பிறகு, உப்பை நன்றாகக் கழுவிய கேப்பர் ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பாருங்கள்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை மீன் நீட்டி நிமிர்ந்து படுக்க வேண்டும், சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். 800 கிராம் மீனுக்கு 30 செ.மீ. அகலமும் மூடியும் உள்ள தட்டையான பாத்திரம் போதும். வால் கொஞ்சம் விளிம்பில் ஏறிக்கொண்டால் பரவாயில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது எனாமல் பூசியதாக இருக்கட்டும். பூச்சில்லாத இரும்பு தக்காளியின் புளிப்பில் கரைந்து சாற்றுக்கு உலோகச் சுவை கொடுத்துவிடும்.

சாறு வைப்பது

பூண்டை உரித்து, கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரு தட்டு தட்டி நசுக்குங்கள். பொடியாக நறுக்க வேண்டாம், நறுக்கினால் கருகிக் கசக்கும். பாத்திரத்தில் 4 மேசைக்கரண்டி எண்ணெயை ஊற்றி, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே பூண்டைப் போட்டு, அதன் பிறகு அடுப்பைச் சிறு தீயில் பற்றவையுங்கள். எண்ணெயும் பூண்டும் சேர்ந்து சூடாகும்போது மணம் மெதுவாக எண்ணெயில் இறங்கும். பூண்டைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பி, ஓரங்கள் வெளிர்ப் பொன்னிறமாக மாற மூன்று நான்கு நிமிடம் ஆகும். மிளகாயையும் பார்ஸ்லித் தண்டுகளையும் அப்போது போடுங்கள். இலைகளைத் தனியே எடுத்து வைத்திருங்கள். தண்டில் மணம் அதிகம், கொதிப்பையும் தாங்கும். இலை தாங்காது.

அரை நிமிடம் கழித்து, பாதியாக வெட்டிய தக்காளியை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, இரண்டு சிட்டிகை உப்புப் போட்டு, தீயை நடுத்தரமாக்குங்கள். ஐந்து நிமிடம் கிளற வேண்டாம். தக்காளி தானாகச் சாறு விட்டுக் குழையத் தொடங்கும். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்குங்கள், மீதி உருவோடு இருக்கட்டும். நசுங்கியவை சாற்றுக்கு நிறமும் திடமும் தரும், நசுங்காதவை தட்டில் மீனோடு அழகாக உட்காரும்.

ஒயின் சேர்ப்பதானால் இந்த நேரத்தில் ஊற்றி, சாராய நெடி மூக்கில் ஏறாத வரை கொதிக்கவிடுங்கள், ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அடுத்து 350 மி.லி. தண்ணீரை ஊற்றித் தீயை முழுதாக ஏற்றுங்கள். இப்போது பயப்படாமல் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். எட்டிலிருந்து பத்து நிமிடம்.

இந்தப் பத்து நிமிடமும் பக்கத்திலேயே நின்று பாருங்கள். தண்ணீர் ஊற்றியதும் மேலே எண்ணெய் பெரிய பெரிய வட்டங்களாக, சாற்றோடு ஒட்டாமல் மிதக்கும். கொதி ஏறி ஐந்தாறு நிமிடம் ஆனதும் அந்த வட்டங்கள் உடைந்து மணல் பருமனில் பொன்துளிகளாகும். சாற்றின் நிறம் கலங்கிய ஆரஞ்சுக்கு மாறும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் ஒரு மெல்லிய படலம் கரண்டியில் தங்கும். எண்ணெயும் நீரும் கலக்கத் தொடங்கிவிட்டன என்று அதற்குப் பொருள். இந்த நிலை வரும் முன்னால் மீனை வைத்தவர்கள்தான் பிறகு சாறு சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

இப்போது சுவை பாருங்கள். உப்பு ஒரு மயிரிழை குறைவாக இருக்கட்டும், மீனிலிருந்து இறங்கும் உப்பும் கடைசியில் சாறு சுண்டுவதும் அதைச் சமன் செய்யும். தக்காளி ரொம்பப் புளித்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவதில் தவறில்லை. பூண்டையும் தண்டையும் எடுத்துவிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் தண்டை எடுத்துவிட்டுப் பூண்டை விட்டுவைப்பேன். சாற்றில் வெந்து குழைந்த பூண்டு ரொட்டியில் தடவிச் சாப்பிட அவ்வளவு நன்றாக இருக்கும். விருந்தினர் வரும் நாளானால் இது வரையிலான வேலையை இரண்டு மணி நேரம் முன்பே முடித்து மூடி வைத்துவிடலாம். அவர்கள் உட்கார்ந்ததும் சாற்றைக் கொதிக்கவைத்து மீனைச் சேர்த்தால் போதும்.

மீனை வைப்பது

நிலத்து விலங்குகளின் தசையில் இழைகள் நீளமாக ஓடும். மீனின் தசையில் அவை குட்டையானவை, அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்விலுள்ள கொலாஜன் 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது அதனால்தான். சதைக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டி ஏற ஏற இழைகள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரை வெளியே தள்ளும், மீன் உலரும். நமக்கு வேண்டிய பக்குவம் இந்தக் குறுகிய இடைவெளியில் இருக்கிறது. கொதிக்கும் 100 டிகிரி நீரில் வெளிச்சதை அதை நொடியில் தாண்டிவிடும், உள்சதை பச்சையாக நிற்கும். அதனால் தீயைக் குறைத்தே ஆக வேண்டும்.

தீயைச் சிறிதாக்கி, தளதளப்பு அடங்கி, ஓரத்தில் மட்டும் அவ்வப்போது குமிழ் வரும் நிலைக்கு வந்ததும் மீனை மெதுவாகப் படுக்க வையுங்கள். சாறு மீனின் பாதி உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மூழ்கக் கூடாது. அடிப்பாகம் சாற்றில் வேகும், மேல்பாகம் ஆவியில் வேகும். அதிகமாக இருந்தால் ஒரு கரண்டி எடுத்துத் தனியே வையுங்கள், குறைந்தால் கொதிநீர் விடுங்கள். குளிர்ந்த நீர் வேண்டாம். மேல் பக்கத்திலும் கீறல்களுக்குள்ளும் நான்கைந்து கரண்டி சாற்றை எடுத்து ஊற்றிவிட்டு, மூடியைச் சற்றுத் திறந்த நிலையில் வையுங்கள். இறுக மூடினால் கொதி மறுபடி ஏறிவிடும்.

400 கிராம் மீனுக்கு 10 முதல் 12 நிமிடம், 800 கிராம் மீனுக்கு 15 முதல் 18 நிமிடம். எடையைவிடத் தடிமன்தான் சரியான அளவுகோல்: மிகத் தடித்த இடத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 10 நிமிடம். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து மேலே சாற்றை ஊற்றிக்கொண்டே இருங்கள். மீனைத் திருப்பிப் போடாதீர்கள். திருப்பினால் தோல் உரிந்துவிடும், மீன் உடையும், மேசைக்குக் கொண்டுபோகும் அழகும் போய்விடும். ஆவியும் ஊற்றும் சாறும் மேல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வெந்துவிட்டதா என்று அறிய முதுகுத் துடுப்பின் நடுவில் ஒரு முள்ளைப் பிடித்து இழுங்கள். எதிர்ப்பில்லாமல் கையோடு வந்தால் நடுமுள் வரை சூடு போய்ச் சேர்ந்துவிட்டது. இழுபட்டு நின்றால் இரண்டு நிமிடம் பொறுங்கள். மீனின் கண் முழு வெள்ளையாக மாறியிருப்பதும் ஓர் அடையாளம். கீறல் வழியே கத்தி முனையால் விலக்கிப் பார்த்தால், சதை கண்ணாடித் தன்மை போய் வெள்ளையாகி, முள்ளிலிருந்து பிரிய மனமில்லாததுபோல் லேசாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் தலைக்குப் பின்னால் முள்ளை ஒட்டிக் குத்திப் பாருங்கள்: 57, 58 டிகிரியில் சதை மிக மென்மையாக இருக்கும். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் மீனுக்கு 63 டிகிரி என்கிறது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் சமைக்கும்போது அந்த அளவையே வையுங்கள். சாறு கூடவே இருப்பதால் அப்போதும் வறட்சி தெரியாது.

இறக்கிய பிறகு

இரண்டு அகலமான கரண்டிகளை அடியில் கொடுத்து மீனைத் தூக்கி, வெந்நீரில் சூடேற்றித் துடைத்த தட்டில் வைத்து, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். நான்கு நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

அந்த நான்கு நிமிடத்தில் சாற்றை முடித்துவிட வேண்டும். தீயை மறுபடி முழுதாக ஏற்றி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். இப்போது மீனின் ஜெலட்டினும் அதில் கரைந்திருப்பதால், கொதியில் எண்ணெய் முன்பைவிட நன்றாகக் கலக்கும். அடுப்பை அணைத்து, மீதமுள்ள ஒரு மேசைக்கரண்டி பச்சை எண்ணெயை விட்டு, பாத்திரத்தின் இரு காதுகளையும் பிடித்து வட்டமாகச் சுழற்றுங்கள். சாறு பளபளப்பாகி, கொஞ்சம் கெட்டிப்படும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் இப்போதுதான் சேர்க்க வேண்டும். உப்பைக் கடைசியாக ஒரு முறை சரிபார்த்து, நறுக்கிய பார்ஸ்லி இலையில் பாதியைக் கலந்துவிடுங்கள். பரிமாறும் தட்டில் மீனைச் சுற்றிச் சாற்றை ஊற்றுங்கள், மேலே ஊற்றி மூடிவிடாதீர்கள். மீனின் மேல் தக்காளி நாலைந்து, மீதி இலை. வேறு அலங்காரம் எதுவும் இதற்கு வேண்டாம்.

முள் எடுத்துப் பரிமாறுவது மேசையில் எல்லோர் முன்னாலும் செய்ய வேண்டிய வேலை. முள்கரண்டியும் ஒரு பெரிய கரண்டியும் போதும். முதலில் முதுகு ஓரத்திலும் வயிற்று ஓரத்திலும் உள்ள சிறு முட்களை வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்துவிடுங்கள். மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் கோட்டின் மேல் கரண்டி ஓரத்தால் அழுத்திக்கொண்டே போனால் மேல் சதை இரண்டு நீளத் துண்டுகளாகப் பிரியும். ஒன்றை முதுகு நோக்கியும் மற்றதை வயிறு நோக்கியும் தள்ளி எடுத்துத் தட்டுகளில் வையுங்கள். இப்போது நடுமுள் முழுதாகத் தெரியும். வாலைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினால் தலையோடு சேர்ந்து ஒரே தொடராக வந்துவிடும், அடியில் முள்ளில்லாத இரண்டு துண்டுகள் இருக்கும். தூக்கும்போது சதை முள்ளோடு சேர்ந்து வந்தால் மீன் இன்னும் ஒரு நிமிடம் வெந்திருக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கன்னத்தில் காசளவு இருக்கும் இரண்டு துண்டுகளை விட்டுவிடாதீர்கள், மீனிலேயே மிருதுவான இடம் அது. யாருக்கு முதல் மரியாதையோ அவருக்கு வையுங்கள்.

கூட வைக்க, தடிமனான தோலுள்ள நாட்டு ரொட்டியை இரு பக்கமும் வாட்டி, சூட்டோடு பூண்டுப் பல்லை ஒரு தேய் தேய்த்துக் கொடுங்கள். சாற்றில் தோய்த்துச் சாப்பிட அது கட்டாயம் வேண்டும். பக்கத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கோ வெறும் கீரை சாலடோ இருந்தால் சாப்பாடு நிறைந்துவிடும்.

முழு மீன் கிடைக்காதபோது

தோலோடு உள்ள 150 முதல் 180 கிராம் துண்டுகளை வைத்தும் செய்யலாம். உப்பு 10 நிமிடம் ஊறினால் போதும். தோல் மேலே இருக்கும்படி சாற்றில் வைத்து, 5 முதல் 7 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஆனால் எலும்பும் தலையும் இல்லாததால் சாற்றுக்குக் கனம் குறையும். மீன் கடையில் வெள்ளை மீனின் எலும்பைக் கேட்டு வாங்கி, இரத்தம் போகக் கழுவி, தண்ணீரில் 20 நிமிடம் சிறு தீயில் வைத்து வடிகட்டிய நீரை வெறும் தண்ணீருக்குப் பதில் ஊற்றுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம், எலும்பு கசப்பு இறங்கும். இன்னொரு வழி, மணல் போக உப்பு நீரில் ஊறவைத்த சிப்பி ஒரு கைப்பிடியை மீனோடு சேர்த்துவிடுவது. வாய் திறக்கும்போது அவை விடும் நீர் கடல் சுவையைக் கொண்டுவரும். அப்படிச் செய்யும்போது சாற்றில் உப்பே போடாமல் தொடங்குங்கள். திறக்காத சிப்பிகளை எறிந்துவிடுங்கள்.

மீந்த சாற்றை எக்காரணம் கொண்டும் கொட்டாதீர்கள். வடிகட்டாமல், மீன் துணுக்குகளையும் தக்காளியையும் அதிலேயே விட்டு, முள் மட்டும் இல்லாமல் பார்த்து, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஜெலட்டினால் லேசாக உறைந்திருக்கும். இருவருக்கு 180 கிராம் ஸ்பகெட்டியைப் பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்து, கொதிக்கும் சாற்றில் போட்டு, பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி விட்டு, அந்த இரண்டு நிமிடமும் விடாமல் கிளறி முடியுங்கள். சாறு பாஸ்தாவில் ஏறிவிடும். இதற்குச் சீஸ் தூவ வேண்டாம், நல்ல எண்ணெய் ஒரு சுற்று விட்டு உடனே சாப்பிடுங்கள்.